தென்தீவுப் பயணம் – 11: உயர்ந்த கரை, சரிந்த கோபுரம்

நியூசிலாந்தின் பிக்டனிலிருந்து தெற்கே போகும்போது பஸ்ஸின் இடப்பக்க ஜன்னல்களுக்குத்தான் கிராக்கி. அந்தப் பக்கம் பசிபிக் கடல். வலப்பக்கம் உச்சியில் பனி தங்கிய கைகோரா மலைகள். நடுவே நெடுஞ்சாலைக்கும் ரயில் பாதைக்கும் போதுமான இடம் மட்டுமே. ஓஹாவ் முனையில் சீல்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. பஸ்ஸே இடப்பக்கம் சாய்ந்துவிடும்போல எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

அலைக்கு எட்டாமல் வெளிறிக் கிடந்த பாறைத் திட்டுகளை யாரும் படமெடுக்கவில்லை. அவை ஒருகாலத்தில் கடலடியில் இருந்தவை. 2016 நவம்பர் 14, நள்ளிரவு 12.02 மணி. நிலநடுக்கம், அளவு 7.8. கடல்தரை சில இடங்களில் 5 மீட்டருக்கும் மேல் எழும்பியது. பாவா என்கிற கடல்நத்தையினம் கொத்துக்கொத்தாகக் கரையில் சிக்கிச் செத்தது. ஊர்க்காரர்கள் பிழைத்தவற்றைப் பொறுக்கிக் கடலில் கொண்டுபோய் விட்டார்கள். மலை சரிந்து சாலை மூடியதால், கைகோரா ஊருக்குத் திமிங்கிலம் பார்க்க வந்த சுற்றுலாக்காரர்களை ஹெலிகாப்டரிலும் கடற்படைக் கப்பலிலும் வெளியேற்ற வேண்டியிருந்தது. நாங்கள் சொகுசாக வந்த இந்தச் சாலை 2017 டிசம்பரில்தான் மீண்டும் திறந்தது. அத்தனை பெரிய அதிர்வில் இறந்தவர்கள் இரண்டு பேர்.

சாயங்காலம் கிறைஸ்ட்சர்ச். எங்கள் பயண நிரலில் அது விமானம் ஏறும் ஊர், அவ்வளவுதான்: ‘சிட்டி டூர், ஷாப்பிங்.’ எனக்கு இந்தப் பயணத்தின் முக்கியமான ஊரே அதுதான்.

2010 செப்டம்பர் 4 விடியற்காலையில் இந்த ஊரை உலுக்கியது 7.1. கட்டடங்கள் விழுந்தன, நேரடியாக யாரும் சாகவில்லை. 2011 பிப்ரவரி 22இல் வந்தது அதைவிடச் சின்னது, 6.3தான். பலி 185. முதலாவது ஊருக்கு மேற்கே வயல்வெளியில், எல்லோரும் தூங்கும்போது வந்தது. இரண்டாவது லிட்டல்டன் அருகே, அதிக ஆழமில்லாமல், பகல் 12.51க்கு, கடைவீதி நிறைந்திருந்த நேரத்தில் வந்தது. நகரமோ பழைய சதுப்பின் மேல் கட்டியது. ஈரமணல் குலுங்கியதும் பிடிப்பு விட்டுச் சேறாகித் தெருவில் பொங்கியது. ஏறத்தாழ 8,000 வீடுகள் இருந்த நிலம் இனிக் குடியிருக்க லாயக்கில்லை என்று கைவிடப்பட்டது. 185 பேரில் 115 பேர் ஒரே கட்டடத்தில், சிடிவி கட்டடத்தில், இறந்தார்கள். ஆங்கிலம் படிக்க வந்திருந்த ஜப்பானிய, சீன மாணவர்கள் அவர்களில் பலர். கட்டடத்தின் வடிவமைப்பிலேயே கோளாறு என்று விசாரணை ஆணையம் சொன்னது. நிலநடுக்க அளவை மட்டும் கேட்டுவிட்டு ‘அப்பாடா’ என்பவர்களுக்கு இந்த ஊரைக் காட்ட வேண்டும்.

நகர்நடுவே கோபுரம் இழந்த ஆங்கிலிக்கன் பேராலயம் முட்டுக்கொடுத்து நிற்கிறது. “ஏனுங்க, இதை இடிச்சுப்போட்டுப் புதுசா கட்டுனா ஆகாதுங்களா?” என்றார் கூட வந்த கோயம்புத்தூர்ப் பெரியவர்.

அதே கேள்விதான் அங்கே நீதிமன்றம் வரை போனது. இடித்துவிடத்தான் திருச்சபையும் முதலில் நினைத்தது; மரபுக் கட்டடம் என்று எதிர்ப்பு கிளம்பியது. 2017இல் பழையபடி மீட்பதென்று முடிவெடுத்து வேலை தொடங்கினார்கள். 2024இல் பணமில்லாமல் அதுவும் நின்றது. இதற்கிடையே ஷிகெரு பான் என்ற ஜப்பானியக் கட்டடக்கலைஞர் அட்டைக் குழாய்களை வைத்து வடிவமைத்த தற்காலிக ஆலயம் 2013லேயே திறந்துவிட்டது. பெரியவர் அதன் குழாயைத் தட்டிப் பார்த்தார். “இது அட்டைங்களா!” என்று மறுபடியும் தட்டினார்.

(தொடரும்)