பின்னுவார் இல்லாத பின்னல்

காலையில் நாம் பள்ளிக்குப் புறப்படுமுன் அம்மாவோ அக்காவோ தலைமுடியை மூன்று பிரிகளாக எடுத்துச் சடை பின்னிவிடுகிறார்கள். பாம்பன் துறையில் படகுகளைக் கட்டியிருக்கும் கயிறும் இப்படிப் பிரிகளை முறுக்கிச் செய்ததே. சடைக்கும் கயிற்றுக்கும் கை வேண்டும். கையே படாமல் தாமாக முறுக்கிக் கொள்ளும் இழைகளும் உண்டு. அவற்றுள் ஒன்று நம் மன்னார் வளைகுடாவின் அடியில் விளைகிறது. இன்னொன்று நம் எலும்பிலும் தோலிலும் இருக்கிறது.

நோன்புக் காலத்தில் கீழக்கரை வீடுகளில் கடற்பாசி காய்ச்சுவதை நம்மில் பலர் அறிவோம். கடையில் சீனாப்புல் என்று கேட்டாலும் இதையே தருவார்கள். கொதிநீரில் கரைத்து, பாலோ இளநீரோ சேர்த்துத் தட்டில் ஊற்றினால், ஆறியதும் வெட்டி எடுக்கும்படி கட்டியாகிவிடுகிறது. நூறு பங்கு நீருக்கு ஒரு பங்கு சரக்கே போதும்! மீதி நீரெல்லாம் எங்கே ஒளிந்தது?

அந்தச் சரக்கின் பெயர் அகார். சர்க்கரை மூலக்கூறுகள் மணிகளைப் போல வரிசையாகக் கோத்த நெடுஞ்சங்கிலி அது. இத்தகைய சங்கிலிகளைத்தான் பாலிமர் என்கிறோம். கொதிக்கும் நீரில் இவை தாறுமாறாக நெளிகின்றன. சூடு ஏறத்தாழ 40 டிகிரிக்கு இறங்கும்போது இரண்டிரண்டாகச் சேர்ந்து முறுக்கிக் கொள்கின்றன. முறுக்குகள் பல கற்றையாகி, கற்றைகள் வலையாகி, வலையின் கண்களில் நீர் சிறைப்படுகிறது. அதை மீண்டும் உருக்க 80 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும்.

ஏன் இந்த ஒழுங்கு? சர்க்கரை மணிகள் விறைப்பானவை, வளையமாட்டா. மணிக்கு மணி உள்ள இணைப்பு மட்டுமே திரும்பும். அதுவும் எல்லாத் திசையிலும் திரும்பாது, அணுவோடு அணு முட்டும். முட்டுகின்ற வழிகளையெல்லாம் தள்ளிவிட்டால் எஞ்சுவது சில வடிவங்களே. அவற்றுள் உறுதியானது இம்முறுக்கு. தடைகளே இங்கு பின்னும் கைகளாகின்றன.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று, நம் ஊர்க் கூலிக் கணக்கும் இதில் அடங்கியிருக்கிறது. பாம்பன் சின்னப்பாலம் முதலிய ஊர்களின் பெண்கள் விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி அணிந்து, மூச்சடக்கி மூழ்கிப் பாறைகளிலிருந்து பாசி பறிக்கிறார்கள். மரிக்கொழுந்துப் பாசிக்குக் கஞ்சிப் பாசியைவிட விலை அதிகம். கஞ்சிப் பாசியின் சங்கிலியில் ஆங்காங்கே கந்தகத் தொகுதி ஒட்டியிருப்பதால் அவ்விடங்களில் கோணல் விழுந்து முறுக்கு அறுபடுகிறது, கட்டியும் தளர்கிறது. காரக் கரைசலில் பக்குவப்படுத்தினால் அத்தொகுதி கழன்று கோணல் நிமிரும். ஆனால் அந்த வேலையும் அதன் ஆதாயமும் ஆலைக்கே; பறித்தவர்களுக்கு வருவது கோணலின் விலைதான்.

அகாரை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு சென்றவரும் ஒரு பெண்மணியே. ஜெர்மனியில் ராபர்ட் காக் என்பவரின் கூடத்தில் பாக்டீரியாவை வளர்க்க ஜெலட்டினைப் பயன்படுத்தி வந்தார்கள்; வெயிலில் அது உருகிப் போயிற்று. சமையலில் அகாரைக் கையாண்டிருந்த ஃபேனி ஹெஸ்ஸே 1881-இல் அதைப் பரிந்துரைத்தார். இன்றும் மருத்துவமனை ஆய்வுக்கூடங்களில் பாக்டீரியாவை வளர்ப்பது அகார்த் தட்டுகளில்தான்.

உருகிப்போன அந்த ஜெலட்டினுக்கும் ஒரு கதை உண்டு. எலும்பையும் தோலையும் வேகவைத்தால் வருவது அது. எலும்பிலும் தோலிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் சூட்டில் பிரி அவிழ்ந்து ஜெலட்டின் ஆகிறது. ஆறும்போது அங்கங்கே மட்டும் மறுபடி முறுக்கிக் கொண்டு கட்டியாகிறது. கொலாஜனின் பிரிகள் எத்தனை என்று கண்டவர் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜி. என். ராமச்சந்திரன். அடையாற்றின் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காருவின் வால் தசைநாரைப் பெற்று, எக்ஸ்-கதிரால் ஆராய்ந்து, கோபிநாத் கர்த்தாவுடன் 1954-இல் விடை சொன்னார். நம் சடையைப் போலவே மூன்று பிரிகள்!

அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்று வெளிநாட்டு அறிஞர்கள் அவருடைய அமைப்பில் குறை கூறினர். அப்படியானால் அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம்? அந்த வினாவையே அவர் ஆராயத் தொடங்கினார். 1963-இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன், புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் திரும்பலாகாது என்ற வரைபடத்தை வெளியிட்டார். படத்தின் பெரும்பகுதி விலக்கப்பட்ட பகுதியே. இன்று உலகில் எங்கு ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டாலும் ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள்.

கொலாஜன் பின்னலின் நடுவில் இடம் மிகக் குறுகியது. அமினோ அமிலங்களில் மிகச் சிறியதான கிளைசின் மட்டுமே அங்கு அடங்கும். ஆகவே ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசின் வந்தாக வேண்டும். மரபணுப் பிழையால் ஓரிடத்தில் பெரிய அமிலம் ஒன்று வந்து அமர்ந்துவிட்டால் பின்னல் அவ்விடத்தில் புடைத்து நலிகிறது. சில குழந்தைகள் எலும்பு முறிவுடனேயே பிறக்கிறார்கள். சிலருக்குத் தூக்கி எடுத்தாலே எலும்பு முறிகிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட மணிகள் கோத்த சங்கிலியில் மாறியிருப்பது ஒரே ஒரு மணி.