உங்களுக்குத் தெரியுமா? குண்டுகளுக்குப் பணியாத ஜனநாயகம்

ஸ்பெயின் நாடாளுமன்றத்தின் உட்கூரையில், ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியின்போது பாய்ந்த துப்பாக்கிக் குண்டுகளின் தடங்கள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன!

• புதிய அரசியல் சாசனம் வந்து மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. 1981 பிப்ரவரி 23 அன்று லெப்டினன்ட் கர்னல் தெஹேரோ ஆயுதப் படையினருடன் அவைக்குள் புகுந்து, உறுப்பினர்களைச் சிறைபிடித்தார்.

• 68 வயதுத் துணைப் பிரதமர் எழுந்து அவர்களை நேருக்கு நேர் அதட்டினார். குண்டுகள் பறந்தபோது பெரும்பாலோர் தரையில் பதுங்கினர். பிரதமர் சுவாரெஸும் கம்யூனிஸ்ட் தலைவர் கரில்யோவும் இருக்கையை விட்டு அசையவில்லை.

• நள்ளிரவுக்குப் பின் தொலைக்காட்சியில் தோன்றிய மன்னர் ஹுவான் கார்லோஸ், சாசனத்தின் பக்கம் நின்றார். மறுநாளே கலகம் அடங்கியது.

• 1982 தேர்தலில் சோஷலிஸ்டுகள் வென்றனர். ஆட்சி அமைதியாகக் கைமாறியது.