நீரிழிவு நோயும் நெடுந்தூரப் பந்தயப் பயிற்சியும்

நீரிழிவு நோய் உள்ளவர்கள் கடுமையான உடலுழைப்பைத் தவிர்த்தல் வேண்டும் என்னும் எண்ணம் மக்களிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. இந்நோய் உள்ள சிறுவர்களை விளையாட்டு வகுப்பின்போது மைதானத்தின் ஓரத்தில் உட்கார வைக்கும் வழக்கமும் சில பள்ளிகளில் காணப்படுகின்றது. இவ்வெண்ணம் முழுவதும் சரியன்று. எனினும், இதற்குக் காரணமான அச்சத்தைப் புறக்கணித்துவிடவும் இயலாது. உடலுழைப்பில் மிகக் கடினமான ஒன்றை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தால், இவ்விரண்டு உண்மைகளும் தெளிவாக விளங்கும்.

நீச்சல், சைக்கிள் சவாரி, ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவிடாது ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து முடிக்கும் பந்தயத்திற்கு டிரையத்லான் என்று பெயர். இதன் நெடுந்தூர வகை 1978-ஆம் ஆண்டில் ஹவாயில் தொடங்கியது. இதில் 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டி, பின்னர் 42.2 கிலோமீட்டர் ஓடுதல் வேண்டும். திருவனந்தபுரம் தம்பானூர் ரயில் நிலையத்திலிருந்து கன்னியாகுமரிக்குச் சைக்கிளில் சென்று திரும்பி, உடனே வர்க்கலை வரை ஓடுவது ஏறக்குறைய இதற்கு ஒப்பாகும். இத்தூரத்தில் பாதியளவான பந்தயம் 2019-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் கோவாவில் நடைபெற்றது.

தசைகளுக்கு வேண்டிய எரிபொருள்

நம் உடலில் ஓடும் இரத்தம் முழுவதிலும் உள்ள சர்க்கரை ஏறத்தாழ 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி அளவே ஆகும். கல்லீரலில் ஏறக்குறைய 100 கிராமும், தசைகளில் ஏறக்குறைய 400 கிராமும் கிளைக்கோஜன் என்னும் வடிவில் சேமித்து வைக்கப்பட்டுள்ளன. தசைகள் உழைக்கும்போது இரத்தத்திலுள்ள சர்க்கரையை விரைவாக உட்கொள்கின்றன. ஆரோக்கியமான உடலில் கணையம் உடனே இன்சுலின் சுரப்பதைக் குறைத்துவிடும்; கல்லீரலும் செலவுக்கு ஏற்ற சர்க்கரையை வெளியிடும். ஆகவே இரத்தச் சர்க்கரையின் அளவு பெரிதும் மாறுவதில்லை.

முதல் வகை நீரிழிவில் கணையம் இன்சுலினைச் சுரப்பதில்லை. ஊசி மூலமாகவே அதைச் செலுத்திக்கொள்ள வேண்டியிருக்கின்றது. ஊசியால் உட்சென்ற இன்சுலினை உடல் திரும்பப் பெற இயலாது. உழைக்கும் தசையோ இன்சுலினின் உதவியின்றியும் சர்க்கரையை ஈர்க்கும் ஆற்றல் உடையது. இவ்விரண்டும் ஒன்று சேரும்போது இரத்தச் சர்க்கரை அபாயமான அளவிற்குத் தாழ்ந்துவிடுகின்றது. நெடுந்தூரப் பயிற்சியில் நீரிழிவு நோயாளி எதிர்கொள்ளும் முதன்மையான இடர் இதுவே.

இவ்விடரைக் கடந்து வென்றோர் உண்டு. அமெரிக்க நீச்சல் வீரர் காரி ஹால், 1999-ஆம் ஆண்டில் தமக்கு முதல் வகை நீரிழிவு இருப்பதை அறிந்தார். அடுத்த ஆண்டு சிட்னியிலும், 2004-இல் ஏதென்ஸிலும் நடந்த ஒலிம்பிக் போட்டிகளில் 50 மீட்டர் நீச்சலில் தங்கப் பதக்கம் பெற்றார். பிரிட்டிஷ் படகு வீரர் ஸ்டீவ் ரெட்கிரேவுக்கு 1997-இல் நீரிழிவு கண்டறியப்பட்டது. அவர் தம் ஐந்தாவது ஒலிம்பிக் தங்கத்தை 2000-இல் வென்றார். நெடுந்தூர டிரையத்லானை முடித்த முதல் வகை நோயாளிகளும் பலர் உளர்.

புறப்படுமுன் அறிய வேண்டுவன

பயிற்சி தொடங்குமுன் இரத்தச் சர்க்கரையை அளந்தறிதல் இன்றியமையாதது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 126 முதல் 180 மில்லிகிராம் வரை சர்க்கரை இருப்பது பொதுவாகத் தக்க நிலையெனக் கொள்ளப்படுகின்றது. 90 மில்லிகிராமுக்குக் குறைவாயின் 10 முதல் 20 கிராம் குளுக்கோஸ் உட்கொண்டு, அளவு உயர்ந்த பின்னரே தொடங்குதல் வேண்டும். 270 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் கீட்டோன் என்னும் பொருள் இரத்தத்தில் சேர்ந்துள்ளதா என்று பரிசோதிக்க வேண்டும். அது மிகுந்திருப்பின், உடலில் இன்சுலின் போதவில்லை என்பது பொருள்; அந்நிலையில் உழைப்பு நோயை மேலும் கடுமையாக்கும். முந்தைய 24 மணி நேரத்திற்குள் சர்க்கரை கடுமையாகத் தாழ்ந்து, பிறர் உதவியால் மீண்டவர் அன்று பயிற்சி செய்தலாகாது.

பயிற்சிக்கு முன் உண்ணும் உணவுக்குரிய இன்சுலினை, உழைப்பின் கடுமைக்கும் நேரத்திற்கும் ஏற்ப, நான்கில் ஒரு பங்கு முதல் நான்கில் மூன்று பங்கு வரை குறைக்க மருத்துவர்கள் அறிவுறுத்துவதுண்டு. இவ்வளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். தாமாகவே முடிவு செய்யாமல், தம் மருத்துவரைக் கலந்து, நாள்தோறும் குறிப்பேட்டில் அளவுகளை எழுதிவந்தே இதனை வகுத்துக்கொள்ள வேண்டும்.

பயிற்சியின்போது

ஒரு மணி நேரத்திற்கு மேற்பட்ட உழைப்பில், மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து தேவைப்படுகின்றது. சிறிய வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 20 கிராம் உள்ளது. சர்க்கரை 70 மில்லிகிராமுக்குத் தாழ்ந்தால் உடனே நின்று, 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து அருந்தி, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். கொழுப்பு மிகுந்த சாக்லேட் முதலியன மெதுவாகச் செரிப்பதால் இவ்வேளைக்கு உதவா.

சர்க்கரை தாழ்வதன் அறிகுறிகள் வியர்வை, நடுக்கம், படபடப்பு, களைப்பு என்பன. கேரளக் கடற்கரையின் புழுக்கத்தில் ஓடும் எவருக்கும் இவை இயல்பாகவே தோன்றுமாதலால், நோயாளி அபாயத்தைக் களைப்பென்று தவறாகக் கருத இடமுண்டு. உடல் உணர்வை மட்டும் நம்பாது கருவியால் அளக்க வேண்டும் என்பதன் காரணம் இதுவே. நீச்சலில் இடர் இன்னும் மிகுதி. நீருக்குள் மயக்கம் நேர்ந்தால் சில கணங்களில் உயிர் போகக்கூடும். ஆகவே நோயாளி ஒருபோதும் தனியே நீந்தலாகாது. உடலில் பொருத்தும் தொடர் அளவுக் கருவியின் சமிக்ஞைகள் நீரில் செல்வதில்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் சங்குமுகம் போன்ற கடற்கரைகளில் அலை மிகக் கடுமையாதலின், அக்காலத்தில் காவலர் உள்ள நீச்சல் குளமே தக்கது.

இன்சுலின் வெப்பத்தால் கெடும் பொருள். சைக்கிள் பையில் வெயிலில் கிடந்த மருந்து தன் வீரியத்தை இழந்துவிடக்கூடும். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீடுகளில், நீர் ஊறிய மண்பானை அதனைக் காக்க உதவும். ஓட்டத்திற்குப்பின் நாள்தோறும் பாதங்களைச் சோதித்தலும் வேண்டும். உணர்ச்சி குன்றிய பாதத்தில் தோன்றும் கொப்புளம் நோயாளிக்குத் தெரியாமலே புண்ணாகிவிடும்.

பயிற்சிக்குப் பின்வரும் இரவு

தசைகள் தாம் செலவழித்த கிளைக்கோஜனை மீண்டும் நிரப்பிக்கொள்ள 24 மணி நேரமும் அதற்கு மேலும் ஆகலாம். அதுவரை அவை இரத்தச் சர்க்கரையை ஈர்த்துக்கொண்டே இருக்கும். இன்சுலினின் வேகமும் கூடியிருக்கும். எனவே மாலையில் ஓடியவருக்கு நள்ளிரவில், உறக்கத்தில், சர்க்கரை தாழ்வதுண்டு. படுக்கைக்கு முன் அளந்தறிதல், மாவுச்சத்துள்ள உணவு உண்ணுதல், மருத்துவர் கூறியபடி இரவு இன்சுலினைக் குறைத்தல் ஆகியவை தக்க காப்பாகும். வீட்டில் உள்ளோருக்கும் இது தெரிந்திருத்தல் வேண்டும்.

பெரும்பாலோருக்கு வேண்டுவது

இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் நிதியுதவியுடன் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி, நாட்டின் வயதுவந்தோரில் 11.4 சதவீதத்தினரும், கேரளத்தில் 25.5 சதவீதத்தினரும் நீரிழிவு உடையோர். இவர்களுள் மிகப் பெரும்பாலோர் இரண்டாம் வகையினர். இவர்களுக்கு டிரையத்லான் தேவையில்லை. வாரத்திற்கு 150 நிமிட மிதமான உழைப்பே பெரும் பயன் தரும். நோயின் விளிம்பில் இருந்த 531 பேரைக் கொண்டு சென்னையில் நடத்தப்பெற்று 2006-இல் வெளியான ஆய்வில், மூன்றாண்டுகளில் பொதுவான அறிவுரை மட்டும் பெற்றோருள் 55 சதவீதத்தினருக்கு நோய் தோன்றியது. உணவையும் நடைப்பயிற்சியையும் ஒழுங்குபடுத்திக்கொண்டோரில் 39.3 சதவீதத்தினருக்கே தோன்றியது.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில் 1,007 பேரைக் கொண்டு நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், ஊர்மக்களே குழுவாகக் கூடி ஒருவருக்கொருவர் ஊக்கமளித்தனர். இரண்டாண்டுகளில் நோய் தோன்றுவது உறுதியாகக் குறைந்ததென்று நிறுவ இயலவில்லை, ஆயினும் காய்கறி, பழங்கள் உண்பது கூடியது, மதுப்பழக்கம் குறைந்தது. பழக்கம் மாறுவதற்குத் துணைவர் தேவை என்பதைக் களப்பணியாளர்கள் இதனால் அறியலாம். நாற்பது வயதைக் கடந்த நோயாளி கடும் பயிற்சியை மேற்கொள்ளுமுன் இதயம், கண், சிறுநீரகம், பாதம் ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ளுமாறு அவர்கள் வற்புறுத்தல் வேண்டும்.

முதல் வகை நீரிழிவுள்ள குழந்தைகளுக்குக் கேரள அரசின் ‘மிட்டாய்’ என்னும் திட்டத்தின் வழியே இன்சுலினும் பரிசோதனைக் கருவிகளும் வழங்கப்படுகின்றன. அத்தகைய மாணவர் பயிலும் பள்ளியில், விளையாட்டு ஆசிரியரின் பையில் குளுக்கோஸ் இருத்தல் வேண்டும். அதனை எப்பொழுது கொடுப்பது என்பதையும் அவர் அறிந்திருத்தல் வேண்டும். மாணவர் நினைவிழந்தால் வாயில் எதையும் ஊட்டாது, ஒருக்களித்துப் படுக்கவைத்து, விரைந்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். இந்த ஏற்பாடுகள் இருந்தால், அம்மாணவர் மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை.