இளவரசர் லுட்விக்கின் இரண்டாவது கல்யாணம்

காலை நிகழ்ச்சியில் ‘வரலாற்றில் இன்று’ என்று இரண்டு நிமிடப் பகுதி ஒன்று செய்கிறேன். முதல் நாள் இரவே குறிப்பு எடுத்து வைத்துவிடுவது வழக்கம். செப்டம்பர் 12ஆம் தேதிக்கு அதிகம் தேட வேண்டியிருக்காது. 1945ல் அந்த நாளில்தான் பாடாங் திடலுக்கு எதிரே இருக்கும் நகராட்சிக் கட்டடத்தில் ஜப்பானியர்கள் சரணடையும் பத்திரத்தில் கையெழுத்திட்டார்கள். இன்று நாம் பிள்ளைகளை ஓவியம் பார்க்க அழைத்துப் போகும் தேசியக் கலைக்கூடம்தான் அந்தக் கட்டடம். நேச நாடுகளின் சார்பில் சரணாகதியை ஏற்றுக்கொண்டவர் மவுண்ட்பேட்டன் பிரபு.

அவரைப் பற்றிக் கூடுதலாக ஒரு வரி கிடைக்குமா என்று தேடியபோது, அவருடைய அம்மாவழித் தாத்தாவின் பெயர் கண்ணில் பட்டது. ஹெஸ்ஸன் இளவரசர் லுட்விக், ஜெர்மானியர், பிறந்தது 1837 செப்டம்பர் 12. தாத்தாவின் பிறந்தநாளில்தான் பேரன் சிங்கப்பூரில் அந்தச் சடங்கை நடத்தியிருக்கிறார்!

இரண்டு நிமிடப் பகுதிக்கு அந்தத் தகவல் போதும். ஆனால் அன்று இரவு ஒரு மணி வரை நான் லுட்விக்கின் குடும்பத்தைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

இழவு வீட்டுக் கல்யாணம்

அன்றைய ஜெர்மனி இன்றுபோல் ஒரே நாடு அல்ல. பல அரசுகள் இருந்தன. ஃபிராங்ஃபர்ட்டுக்குத் தெற்கே டார்ம்ஷ்டாட் நகரைத் தலைநகராகக் கொண்ட ஹெஸ்ஸன் அவற்றில் ஒன்று. அதை ஆண்ட பெரியப்பாவுக்கு வாரிசு இல்லாததால், லுட்விக்தான் அடுத்து அரியணை ஏற வேண்டியவர். பெரிய படிப்பாளி இல்லை. ராணுவமும் வேட்டையும் பிடித்த, கலகலப்பான மனிதர்.

அவருக்கு அமைந்த பெண், இங்கிலாந்தின் விக்டோரியா அரசியின் இரண்டாவது மகள் ஆலிஸ். நிச்சயமான பிறகு, 1861 டிசம்பர் 14ஆம் தேதி ஆலிஸின் தந்தை ஆல்பர்ட் இறந்துபோனார். கல்யாணத்தைத் தள்ளிப்போடவில்லை. 1862 ஜூலை 1ஆம் தேதி, வைட் தீவிலுள்ள ஆஸ்போர்ன் மாளிகையின் சாப்பாட்டு அறையிலேயே நடத்தினார்கள். மணப்பெண் அந்தச் சிறிது நேரத்துக்கு மட்டும் வெள்ளை உடுத்தினார். பிறந்த வீட்டிலிருந்து கொண்டுபோன உடைகள் எல்லாம் கறுப்பு. கல்யாணத்தைவிட இழவு வீடு போல இருந்தது என்று விக்டோரியா அரசியே தன் மூத்த மகளுக்கு எழுதினார்.

டார்ம்ஷ்டாட்டில் ஆலிஸ் சும்மா இருக்கவில்லை. தாதியர் பயிற்சி, மருத்துவமனை, பெண்களுக்குத் தொழில் என்று இறங்கி வேலை செய்தார். அவர் பெயரைத் தாங்கிய மருத்துவமனை இன்றும் அங்கே இருக்கிறது. கணவன் மனைவி இருவரும் குணத்தில் வேறு வேறு. மனம்விட்டுப் பேச முடியவில்லையே என்ற ஏக்கத்தை ஆலிஸ் கணவருக்கே கடிதமாக எழுதியிருக்கிறார். ஆனாலும் இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்குப் பிரியம் இருந்தது.

1866ல் பிரஷ்யாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும் போர் மூண்டபோது ஹெஸ்ஸன் ஆஸ்திரியாவின் பக்கம் நின்றது. பிரஷ்யாவின் பட்டத்து இளவரசரோ லுட்விக்குக்குச் சகலை, ஆலிஸின் அக்கா கணவர். இரண்டு சகலைகளும் எதிரெதிர் படையில். அந்தப் போரின் நடுவே பிறந்த மூன்றாவது மகளுக்கு ஐரீன் என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கத்தில் அதற்கு ‘அமைதி’ என்று பொருள்.

ஏழு பிள்ளைகள்

விக்டோரியா, எலிசபெத், ஐரீன், எர்ன்ஸ்ட் லுட்விக், ஃபிரீட்ரிக், அலிக்ஸ், மேரி என்று ஐந்து பெண்கள், இரண்டு ஆண்கள். இளைய மகன் ஃபிரீட்ரிக்குக்கு ஹீமோஃபீலியா இருந்தது. அடிபட்டால் ரத்தம் எளிதில் உறையாத நோய் அது. அதற்கான மரபணுவைப் பெண்கள் சுமப்பார்கள், பெரும்பாலும் ஆண் பிள்ளைகளைத்தான் அது தாக்கும். விக்டோரியா அரசியிடமிருந்து ஆலிஸுக்கு வந்து, ஆலிஸிடமிருந்து மகனுக்குப் போயிருந்தது. 1873 மே மாதம் விளையாடிக்கொண்டிருந்த அந்தக் குழந்தை ஜன்னல் வழியே கீழே விழுந்தது. வேறொரு பிள்ளையாக இருந்தால் பிழைத்திருக்கலாம். ஃபிரீட்ரிக் அன்றே இறந்தான். இரண்டரை வயது.

1877ல் லுட்விக் பட்டத்துக்கு வந்தார். அடுத்த ஆண்டு நவம்பரில் மூத்த மகளுக்குத் தொண்டை வலித்தது. வந்திருந்தது தொண்டை அடைப்பான், அதாவது டிப்தீரியா. சில நாட்களில் அலிக்ஸ், மேரி, ஐரீன், எர்ன்ஸ்ட் என்று ஒவ்வொருவராகப் படுத்தார்கள். லுட்விக்கும் படுத்தார். நல்லவேளையாக எலிசபெத்தை மட்டும் அப்பாவழிப் பாட்டி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நவம்பர் 16ஆம் தேதி, நான்கு வயது மேரி இறந்தாள்.

நோயில் கிடந்த மற்ற பிள்ளைகளிடம் ஆலிஸ் அதைச் சொல்லவில்லை. தங்கச்சி எப்படி இருக்கிறாள் என்று எர்ன்ஸ்ட் கேட்டுக்கொண்டே இருந்தான். அவளிடம் கொடுக்கச் சொல்லி ஒரு புத்தகத்தைக்கூட அம்மாவிடம் தந்தான். பல நாட்களுக்குப் பிறகுதான் ஆலிஸ் உண்மையைச் சொன்னார். பத்து வயதுப் பையன் உடைந்து அழுதபோது, நோய் தொற்றும் என்று தெரிந்தும் அவனை அணைத்து முத்தமிட்டார். அவருக்குத் தொற்றியது அந்த முத்தத்தில்தான் என்று அந்தக் காலத்தில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். டிசம்பர் 14ஆம் தேதி, தன் தந்தை இறந்த அதே நாளில், 17 ஆண்டுகள் கழித்து ஆலிஸ் இறந்தார். வயது 35.

இந்த நோய்க்கு மருந்து வர இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தன. 1890ல் பெர்லினில் பேரிங், கிடசாட்டோ என்ற இருவர் நச்சு முறி மருந்துக்கு வழி கண்டார்கள். இன்று நம் குழந்தைகளுக்குப் பிறந்த சில மாதங்களில் போடும் தடுப்பூசியிலேயே இதற்கும் சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். அட்டையில் ஒரு தேதி, அவ்வளவுதான் நமக்கு.

மச்சினியைக் கட்டிக்கொள்

லுட்விக்குக்கு அப்போது வயது 41. ஐந்து பிள்ளைகள். மூத்தவளுக்கு 15, கடைக்குட்டி அலிக்ஸுக்கு 6. மாமியார் விக்டோரியா அரசி பேரப்பிள்ளைகளைத் தன் சிறகுக்குள் எடுத்துக்கொண்டார். அவர்களின் படிப்பிலிருந்து உடை வரை லண்டனிலிருந்து உத்தரவு வரும்.

அரசிக்கு இன்னொரு யோசனையும் இருந்தது. தன் கடைசி மகள் பியாட்ரிஸை லுட்விக்குக்குக் கட்டிவைத்துவிட்டால் பிள்ளைகளுக்குச் சித்தியே அம்மா ஆகிவிடுவார், அல்லவா? நம் வீடுகளில் கேட்டுப் பழகிய பேச்சுதான். ஆனால் இறந்த மனைவியின் சகோதரியை மணப்பதை அன்றைய இங்கிலாந்துச் சட்டம் அனுமதிக்கவில்லை. சட்டத்தை மாற்ற நடந்த முயற்சி பிரபுக்கள் சபையில் தோற்றது. 1907ல்தான் அது மாறியது.

லுட்விக்கின் மனம் வேறொருவரிடம் போயிருந்தது. அலெக்ஸாண்ட்ரின் கோலமின். ரஷ்யத் தூதரக அதிகாரி ஒருவரை மணந்து விவாகரத்துப் பெற்றவர். 1884 ஏப்ரல் 30ஆம் தேதி, மூத்த மகள் விக்டோரியாவுக்கும் பேட்டன்பர்க் இளவரசர் லூயிக்கும் டார்ம்ஷ்டாட்டில் கல்யாணம். இங்கிலாந்திலிருந்து அரசியே வந்திருந்தார். அன்று மாலையே, விருந்தினர்கள் ஊரில் இருக்கும்போதே, பெண்ணின் அப்பா சத்தமில்லாமல் அலெக்ஸாண்ட்ரினை மணந்துகொண்டார்.

விஷயம் தெரிந்ததும் அரண்மனை கொதித்தது. விவாகரத்தான பெண், அரச குலமும் இல்லை. அரசி தன் மகனை, இளவரசர் எட்வர்டை, அனுப்பி அந்தப் பெண்ணிடம் பேசவைத்தார். சில வாரங்களில் திருமணம் செல்லாது என்று ஆக்கிவிட்டார்கள். லுட்விக் எதிர்த்து நிற்கவில்லை. அதற்குப் பிறகு கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. 1892 மார்ச் 13ஆம் தேதி, 54வது வயதில் இறந்தார்.

நான் படிப்பதை நிறுத்தியது இந்த இடத்தில்தான். இத்தனை பேர் எதிர்த்த அந்தக் கல்யாணத்தை எதிர்க்காதவர்கள் அவருடைய சொந்தப் பிள்ளைகள். அலெக்ஸாண்ட்ரினை அவர்களுக்குப் பிடித்திருந்தது. அப்பாவின் தனிமை கொஞ்சம் குறையும் என்று மூத்த மகள் நினைத்தார்.

பிள்ளைகள் போன திசை

அந்தப் பிள்ளைகளின் பிற்கால வாழ்க்கை ஐரோப்பாவின் சரித்திரமாகவே ஆகிவிட்டது. அலிக்ஸ் ரஷ்யாவின் ஜார் இரண்டாம் நிக்கோலஸை மணந்தார். அவருடைய ஒரே மகனுக்கும் அதே ஹீமோஃபீலியா. 1918 ஜூலை 17ஆம் தேதி, கணவர், ஐந்து பிள்ளைகளோடு அவரையும் புரட்சிக்காரர்கள் சுட்டுக் கொன்றார்கள். எலிசபெத்தின் கணவர் 1905ல் மாஸ்கோவில் குண்டுவீச்சில் இறந்தார். குண்டு வீசியவனைச் சிறையில் போய்ப் பார்த்தார் எலிசபெத். பிறகு துறவு வாழ்க்கை ஏற்று ஏழைகளுக்குச் சேவை செய்தார். தங்கை இறந்த மறுநாள் அவரையும் ஒரு சுரங்கக் குழியில் தள்ளிக் கொன்றார்கள்.

முதல் உலகப் போரில் ஐரீனின் கணவர் ஜெர்மன் கடற்படைத் தளபதி. மூத்த மகள் விக்டோரியாவின் கணவர் பிரிட்டிஷ் கடற்படையின் தலைமைப் பொறுப்பில் இருந்து, ஜெர்மனியில் பிறந்தவர் என்ற ஒரே காரணத்தால் 1914ல் விலக வேண்டியதாயிற்று. 1917ல் பேட்டன்பர்க் என்ற பெயரை மவுண்ட்பேட்டன் என்று மாற்றிக்கொண்டார்கள். அவர்களின் கடைசி மகன்தான் சிங்கப்பூரில் சரணாகதியை ஏற்றவர், இந்தியாவின் கடைசி வைஸ்ராயும் அவரே. மறைந்த எலிசபெத் அரசியாரின் கணவர் ஃபிலிப், மூத்த மகள் விக்டோரியாவின் பேரன். ரஷ்யாவில் தோண்டியெடுத்த எலும்புகள் அலிக்ஸுடையவைதானா என்று உறுதிசெய்ய 1990களில் ஃபிலிப்பின் ரத்த மாதிரியைத்தான் பயன்படுத்தினார்கள்.

டார்ம்ஷ்டாட்டில் தங்கியவர் எர்ன்ஸ்ட் லுட்விக். அம்மாவின் முத்தத்தை வாங்கிய அதே பையன். 1899ல் அவர் கலைஞர்களுக்காக மாத்தில்டன்ஹோஹ குன்றில் உருவாக்கிய குடியிருப்பு 2021ல் யுனெஸ்கோ மரபுடைமைத் தலமானது.

எங்கள் வீட்டுக் கதை

இப்போது என் காரணம். 1999ல் அம்மா மார்பகப் புற்றுநோயில் இறந்தபோது எனக்கு 11 வயது, தம்பிக்கு 7. அப்பா கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். வேலை முடிந்து வந்து சமைப்பார், என் தலைமுடியைப் பின்னத் தெரியாமல் பின்னிவிடுவார். கருமாதி முடிந்த கொஞ்ச நாளிலேயே உறவினர்கள் சித்தியைக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். “அவ எனக்குத் தங்கச்சி மாதிரி” என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

நான்கு ஆண்டுகள் கழித்து அப்பாவே ஒரு பேச்சை எடுத்தார். அவர் வேலையிடத்தில் கணக்குப் பார்த்த பெண்மணி. இரண்டு முறை வீட்டுக்கு வந்திருக்கிறார். எனக்கு உயர்நிலை மூன்று வகுப்புப் புத்தகங்களுக்கு அழகாக உறை போட்டுக் கொடுத்தார். “ஆன்ட்டி நம்ம வீட்டுக்கே வந்துட்டா உனக்குச் சரியாம்மா?” என்று அப்பா கேட்டார்.

“அவங்க வந்தா நான் பாட்டி வீட்டுக்குப் போயிடுவேன்” என்றேன்.

அப்பா சரி என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எழவே இல்லை. மாமியாரோ அரசவையோ தேவைப்படவில்லை. எங்கள் வீட்டில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி சாப்பாட்டு மேசையில் சொன்ன ஒரு வாக்கியமே போதுமானதாக இருந்தது. அப்போது அப்பாவுக்கு வயது 45. இன்று தம்பி ஆஸ்திரேலியாவில், நான் என் குடும்பத்தோடு. அதே வீவக வீட்டில் அப்பா தனியாக இருக்கிறார். தொலைக்காட்சி சத்தமாக ஓடிக்கொண்டிருக்கும்.

செப்டம்பர் 12ஆம் தேதி நிகழ்ச்சி முடிந்ததும் நேராக அப்பாவைப் பார்க்கப் போனேன். காலையில் கேட்டிருந்தார். “ரெண்டே நிமிஷத்துல முடிச்சிட்டியே” என்றார். வானொலியில் சொல்லாத மீதிக் கதையை, நெஸ்லோ குடித்துக்கொண்டே, முழுதாகச் சொன்னேன். பிள்ளைகள் எதிர்க்கவில்லை என்ற இடத்தில் என் குரல் கொஞ்சம் தடுமாறியது. வேலையில் எத்தனையோ நேரலை செய்தவள்தான் நான்.

“அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுப்பா” என்றேன்.

அப்பா கோப்பையைப் பார்த்தபடி இருந்தார். “நீ சின்னப் புள்ள” என்றார். பிறகு, “அந்தம்மா அப்புறம் என்ன ஆனாங்க?” என்று கேட்டார்.

அவர் கேட்டது அலெக்ஸாண்ட்ரினைப் பற்றித்தான் என்று எடுத்துக்கொண்டேன். “பிறகு வேறொருத்தரைக் கல்யாணம் செஞ்சுக்கிட்டாங்கப்பா” என்றேன்.

“நல்லது” என்றார் அப்பா. எழுந்து போய் இரண்டு கோப்பைகளையும் கழுவி வைத்தார்.