நாயின் குறிப்பறிவோம்

“குரைக்கிற நாய் கடிக்காது” என்னும் பழமொழியை நாம் சிறு வயது முதல் கேட்டு வருகிறோம். வீண் ஆரவாரம் செய்யும் மனிதருக்கு அது பொருந்தலாம், நாய்க்குப் பொருந்தாது. குரைக்கிற நாயும் கடிக்கும். வாலாட்டுகிற நாயும் கடிக்கும். ஆனால் முன்னறிவிப்பு ஏதுமின்றிக் கடிக்கும் நாய் மிக அரிது. தன் அச்சத்தையும் மன உளைச்சலையும் அது உடலால் நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அம்மொழியை நாம் அறியாதிருப்பதே பல கடிகளுக்குக் காரணமாகிறது.

தோட்டத்தில் நாய் நமக்குப் புதியதன்று. இருள் பிரியுமுன் பால் வெட்டச் செல்லும்போது சில நாய்கள் நம்முடனே நிரைவரை வருகின்றன. சில வழியில் நின்று மறிக்கின்றன. நாம் வேலைக்குச் சென்றபின் வீட்டு வாசலில் நம் பிள்ளைகளோடு இருப்பதும் நாயே. ஆகவே அதன் குறிப்பை அறிவது நம் குடும்பத்தின் பாதுகாப்புக்குரிய செய்தியாகும்.

வாலாட்டினால் நட்பா?

வாலை ஆட்டுவது நாயின் மனம் கிளர்ச்சியுற்றிருப்பதையே காட்டுகிறது. அது மகிழ்ச்சியாகவும் இருக்கலாம், சினமாகவும் இருக்கலாம். உடல் தளர்ந்து, இடுப்போடு சேர்ந்து வால் வீசி ஆடுமானால் அது நட்பு. உடல் விறைத்து, வாலை உயர்த்தி நுனியை மட்டும் விரைவாக அசைக்குமானால் அருகே செல்லலாகாது. வாலைக் கால்களுக்கிடையே செருகிக்கொண்டால் அது அஞ்சுகிறது என்பது பொருள்.

இத்தாலிய அறிஞர்கள் 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வு வியப்புக்குரியது. தன்னை வளர்ப்பவரைக் கண்ட நாயின் வால், அதன் வலப்பக்கமாக மிகுதியாக ஆடியது. அறிமுகமில்லாத, வலிய நாயைக் கண்டபோது இடப்பக்கமாக மிகுதியாக ஆடியது. வாலாட்டம் எல்லாம் ஒன்றன்று என்பதற்கு இதுவே சான்று.

அச்சத்தின் படிகள்

அஞ்சிய நாய் உடனே கடிப்பதில்லை. படிப்படியாகவே அந்நிலையை அடைகிறது. முதலில் உணவு இல்லாதபோதும் நாவால் உதட்டை நக்கும், உறக்கம் இல்லாதபோதும் கொட்டாவி விடும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும், நனையாமலே உடலை உதறும். “என்னை விட்டு விலகு” என்று பணிவோடு கேட்கும் நிலை இது.

நாம் விலகாவிடில் காதுகள் பின்னே படியும், உடல் தாழும், தலையைத் திருப்பியபடியே கடைக்கண்ணால் பார்க்கும்போது கண்ணின் வெண்மை பிறைபோல் தெரியும். அடுத்து அசையாமல் விறைத்து நிற்கும். இவ்வமைதியைச் சாதுத்தனம் என்று எண்ணிவிடக் கூடாது. அதன்பின் உறுமும், பல்லைக் காட்டும், காற்றில் கவ்வும், இறுதியில் கடிக்கும்.

ஒரே ஒரு குறியைக் கொண்டு முடிவு செய்தல் தவறு. நம் நாட்டு வெயிலில் நாய் இளைப்பது இயல்பு. ஆனால் நிழலில், ஓய்வாக இருக்கும்போதும் வாயோரங்களைப் பின்னுக்கு இழுத்து மூச்சிரைக்குமானால், அதற்கு அச்சமோ உடல் வலியோ இருக்கலாம்.

உறுமலை அடித்து அடக்கலாமா?

கூடாது. உறுமல் என்பது எச்சரிக்கை மணி. உறுமும்போதெல்லாம் அடி வாங்கிய நாய், உறுமுவதை நிறுத்திவிடக்கூடும். ஆனால் அதன் அச்சம் நீங்குவதில்லை. அடுத்த முறை அது ஓசையின்றிக் கடிக்கலாம். மணியை உடைத்துவிட்டால் தீ அணைந்துவிடாது.

இன்னொன்று. வேலை முடிந்து வீடு திரும்புகிறோம். செருப்பு கடிக்கப்பட்டுக் கிடக்கிறது. நாய் தலை கவிழ்ந்து பதுங்குகிறது. “செய்த தவறு அதற்குத் தெரிகிறது” என்று அடிக்கிறோம். அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் 14 நாய்களைக் கொண்டு இதனை ஆராய்ந்தார். தவறு செய்யாத நாயும், வளர்ப்பவர் கண்டித்தபோது அதே முகத்தைக் காட்டியது. அந்த முகம் நம் சினத்துக்கு அஞ்சிய முகமே அன்றிக் குற்றத்தை ஒப்புக்கொண்ட முகம் அன்று.

பிள்ளைகளுக்குச் சொல்வோம்

உண்ணும் நாயையும், உறங்கும் நாயையும், குட்டி ஈன்ற நாயையும் தொடலாகாது. கழுத்தைக் கட்டி அணைப்பதும், முகத்தோடு முகம் வைப்பதும் நமக்கு அன்பு. பல நாய்களுக்கு அச்சம். சங்கிலியில் கட்டுண்ட நாயால் விலகி ஓட இயலாது. ஆதலால் அது எதிர்க்கவே முற்படும். தீபாவளிப் பட்டாசு வெடிக்கும்போது நாய் ஒளிந்துகொள்ள வீட்டில் ஓர் அமைதியான மூலையை ஒதுக்குவோம். சிறு பிள்ளையையும் நாயையும் பெரியவர் பார்வையின்றித் தனியே விடாதிருப்போம்.

வழியில் நாய் மறித்தால் ஓடக்கூடாது; ஓடினால் அது துரத்தும். கைகளைத் தொங்கவிட்டு அசையாமல் நின்று, அதன் கண்ணை உற்று நோக்காமல், மெல்லப் பின்வாங்க வேண்டும். சைக்கிளில் சென்றால் இறங்கி, சைக்கிளை நடுவே நிறுத்திக்கொள்ளலாம். கீழே விழுந்துவிட்டால் உடலைச் சுருட்டி, கழுத்தையும் காதுகளையும் கைகளால் மூடிக்கொள்ள வேண்டும்.

கடித்துவிட்டால்

காயத்தை உடனே சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய், காப்பித்தூள் எதனையும் அப்பக்கூடாது. சிறு கீறலாயினும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வெறிநாய்க்கடி நோய் நம் நாட்டில் இல்லை என்று எண்ணி இருத்தல் தகாது. 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும், 2017-இல் சரவாக்கிலும் அந்நோய் தலைதூக்கியது. அறிகுறிகள் தோன்றிய பின் அந்நோயிலிருந்து உயிர் பிழைப்பது மிக மிக அரிது. அதற்கு முன் முறையாகத் தடுப்பூசி போட்டுக்கொண்டால் காத்துக்கொள்ளலாம். சாதுவான நாய் திடீரெனக் குணம் மாறி, எச்சில் ஒழுகத் தள்ளாடி நடந்தால், அதனை நெருங்காமல் கால்நடைச் சேவை இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும்.

வள்ளுவர் ‘குறிப்பறிதல்’ என்று இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். சொல்லாமலே பிறர் உள்ளத்தை உணர்தல் உயர்ந்த பண்பு என்பது நம் மரபு. வாய் பேச இயலாத உயிரிடத்தும் அப்பண்பைக் காட்டுவோமாக. இன்று மாலை வீடு திரும்பியதும், வாசலில் நிற்கும் நாயின் வாலை மட்டுமன்றி, அதன் காதையும் கண்ணையும் வாயையும் சற்றே நின்று பார்ப்போம். அதன் குறிப்பை நாம் முன்பே உணர்ந்துகொண்டால், அது பல்லைக் காட்ட வேண்டிய நிலை வராது. நம் பிள்ளைகளும் நலமாயிருப்பர்.