வட்டத்துக்குள் பன்னிரண்டு வீடுகள்



“கிதார் வாசிக்கத் தெரியுமா?” என்று யாராவது கேட்டால், “கொஞ்சம் தெரியும்” என்று சொல்லிவிடுகிறோம். அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்பது சோதனை வரும்போதுதான் விளங்குகிறது. எனக்கு அச்சோதனை சென்ற ஆண்டு கிறிஸ்துமஸ் விழாவில் வந்தது.

ஒரு மாதம் பயிற்சி செய்த பாடல் அது. டி, ஜி, ஏ என்ற மூன்று கார்டுகளையும் விரல்கள் கண்ணை மூடிக்கொண்டே பிடிக்கும். விழாவன்று காலை, தனிக்குரல் பாட வேண்டிய தோழிக்குத் தொண்டை கட்டிவிட்டது. “ஒரு கட்டை இறக்கி வாசிம்மா, அவள் பாடிவிடுவாள்” என்றார் சிஸ்டர். எனக்கு இறக்கத் தெரியவில்லை. படத்தைப் பார்த்து விரலை வைக்கக் கற்றிருந்தேனே தவிர, ஏன் அங்கே வைக்கிறோம் என்று கற்கவில்லை. அன்று பாடல் கிதார் இல்லாமலே ஒலித்தது. நான் கிதாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த ‘ஏன்’ என்பதற்குப் பெயர்தான் இசை இலக்கணம். அதைக் கற்றுக்கொள்ளக் களக்காட்டிலிருந்து வாரந்தோறும் பாளையங்கோட்டைக்குப் பேருந்தில் போய்வர எல்லா வீட்டிலும் வசதி இருக்காது. அப்படிப்பட்ட நமக்கு உதவும் ஒரு கருவியைப் பற்றியும், அதற்கும் நம் மண்ணுக்கும் உள்ள உறவைப் பற்றியும் இக்கட்டுரையில் காண்போம்.

தந்தியும் கணக்கும்

முதலில் கிதாரையே பார்ப்போம். ஆறு தந்திகள். தடித்த தந்தியிலிருந்து மெல்லிய தந்தி வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று சுருதி சேர்ப்பது வழக்கம். கழுத்தின் குறுக்கே பதிந்துள்ள உலோகக் கம்பிகளே ஃபிரெட்டுகள். வீணையில் மெட்டு என்கிறோமே, அதே வேலைதான் இங்கும்.

தந்தியின் நீளம் 65 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12ஆம் ஃபிரெட் சரிபாதியில், 32.5 சென்டிமீட்டரில் இருக்கும். தந்தி பாதியானால் அதிர்வு இரு மடங்காகும்; எனவே அதே சுரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும். ஏ தந்தி நொடிக்கு 110 முறை அதிர்ந்தால், அதன் 12ஆம் ஃபிரெட்டில் 220 முறை அதிரும். இடையிலுள்ள ஒவ்வொரு ஃபிரெட்டும், மீதியிருக்கும் நீளத்தில் ஏறத்தாழ 18இல் ஒரு பங்கைக் குறைக்கிறது. அதனால்தான் ஃபிரெட்டுகள் போகப் போக நெருங்கி வருகின்றன. 7ஆம் ஃபிரெட் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் அமைகிறது, அதுவே பஞ்சமம். அளவுகோலை எடுத்து உங்கள் வீட்டுக் கிதாரில் நீங்களே அளந்து பாருங்கள்!

ஆக, ஒரு ஸ்தாயிக்குள் 12 இடங்கள். நம் கர்நாடக இசையின் 12 சுரத்தானங்களும் இவையே. மேனாட்டார் மேஜர் ஸ்கேல் என்பதும், நாம் சங்கராபரணம் என்பதும் அதே ஏழு படிகள்தாம்.

அடுப்படியில் ஓர் உவமை

இனி அந்தக் கருவிக்கு வருவோம். ‘கிதார் டாஷ்போர்டு’ என்பது இணையத்தில் இயங்கும் ஒரு செயலி. உலாவியில் திறந்தால் போதும், விலை இல்லை. திரையில் ஒரு வட்டமும் ஒரு கிதார்க் கழுத்தும் தெரியும். வட்டத்தில் ஒரு சுரத்தைத் தொட்டால், அந்த ஸ்கேலின் சுரங்கள் கழுத்தில் எங்கெங்கே இருக்கின்றன என்று காட்டும். அந்த ஸ்கேலுக்கு உரிய கார்டுகளையும் காட்டும்.

இது திறந்த மூல மென்பொருள். அப்படியென்றால் என்ன? கடையில் வாங்கும் அல்வாவைத் தின்னலாம். எப்படிக் கிண்டினார்கள் என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள். ஆச்சி கொடுக்கும் பக்குவச் சீட்டு அப்படியல்ல. கோதுமைப் பால் எவ்வளவு, சீனி எவ்வளவு, நெய் எவ்வளவு என்று அதில் இருக்கும். நாமும் கிண்டலாம், நெய்யைக் குறைக்கலாம், பக்கத்து வீட்டு அத்தைக்கும் எழுதிக் கொடுக்கலாம். மென்பொருளின் பக்குவச் சீட்டே மூலநிரல். அதை எல்லாரும் படிக்கவும், உரிமத்தில் சொன்னபடி திருத்தவும் பகிரவும் விட்டுவிடுவதே திறந்த மூலம். 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனூ திட்டமும், 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸும் இவ்வழியில் நாட்டிய பெரிய மைல்கற்கள்.

வட்டம் சொல்லும் பாடம்

அந்த வட்டத்தின் சூட்சுமம் இதுதான். சி என்ற சுரத்தில் தொடங்கி ஏழு ஃபிரெட் ஏறினால் ஜி. மேலும் ஏழு ஏறினால் டி. பிறகு ஏ, ஈ, பி. இப்படி 12 முறை ஏறினால் 12 சுரங்களையும் தொட்டு மீண்டும் சி என்ற வீட்டுக்கே வந்துவிடுவோம்.

இந்த வட்டத்தில் டி என்ற வீட்டின் இரு பக்கத்து வீடுகள் ஜியும் ஏயும். என் பாடலின் மூன்று கார்டுகள் அவையே அல்லவா? ஒரு கட்டை இறக்கினால் பாடல் சியில் அமையும். சியின் பக்கத்து வீடுகள் எஃபும் ஜியும். ஆகவே டி, ஜி, ஏ இருந்த இடத்தில் சி, எஃப், ஜி. அவ்வளவுதான்! அன்று எனக்குத் தெரியாமல் போனது இந்த ஒரு வரிதான்.

நம் சீமையின் பண்டிதர்

இவ்வட்டம் மேனாட்டாருக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். தமிழிசையின் ஏழு சுரங்கள் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில், ஆயர்குலப் பெண்கள் எழுவர் இந்தச் சுரங்களின் பெயர்களைத் தாங்கி வட்டமாக நின்று ஆடுகிறார்கள். 12 இராசி வீடுகளில் சுரங்களை நிறுத்திக் காட்டும் முறைக்கு வட்டப்பாலை என்று பெயர். தாரத்தில் உழையும், உழையில் குரலும், பிறகு முறையே இளி, துத்தம், விளரி, கைக்கிளையும் பிறக்கும் என்பது பழைய இலக்கணம். குரலை ‘ச’ என்று கொண்டு எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றும் முந்தியதற்குப் பஞ்சமம். செயலியின் வட்டமும் இதுவே!

இதை ஆராய்ந்து உலகறியச் செய்தவர்களுள் முதன்மையானவர் ஆபிரகாம் பண்டிதர். 1859இல் தென்காசியை அடுத்த சாம்பவர் வடகரையில், அன்றைய திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். தஞ்சையில் சித்த மருத்துவராகப் பேர் பெற்று, ஈட்டிய செல்வத்தை இசைக்கே செலவிட்டார். 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தோற்றுவித்து மாநாடுகள் கூட்டினார். 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில் அவர் தம் கொள்கையை எடுத்துரைத்தபோது, வீணை வாசித்து மெய்ப்பித்துக் காட்டியவர்கள் அவர் குடும்பத்துப் பெண்களே. 1917இல் வெளிவந்த ‘கருணாமிர்த சாகரம்’ ஆயிரம் பக்கங்களுக்கும் மேற்பட்ட பெருநூல். ஸ்தாயியை 12 சம அரைச்சுரங்களாகவும் 24 சுருதிகளாகவும் பிரிக்கும் கணக்கை அதில் விளக்கினார். 22 சுருதியே முறை என்போர் அதை மறுத்தனர். ஆயினும் அவர் கணக்கை மறைக்காமல் அச்சிட்டதால்தான் மறுக்கவும் ஏற்கவும் பிறருக்கு வழி கிடைத்தது. மூலத்தைத் திறந்து வைத்தல் என்பது இதுதானே?

எச்சரிக்கையும் வேண்டுகோளும்

செயலி இலக்கணத்தைக் காட்டும். விரலில் காய்ப்பு ஏற வாசிக்க வேண்டியவர் நாமே. சுருதி பிசகினால் திருத்தும் ஆசிரியரின் காதுக்கும் ஈடில்லை. பெற்றோரின் அலைபேசியை வாங்கினால் அரை மணி நேரத்தில் திருப்பிக் கொடுப்போம். வட்டத்தை ஒரு முறை நோட்டில் வரைந்துகொண்டால், பிறகு இணையமே வேண்டியதில்லை.

என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த வட்டம் இருக்கிறது. கேட்கும் தோழிக்கெல்லாம் வரைந்து கொடுக்கிறேன். இந்த ஆண்டு யாருக்குத் தொண்டை கட்டினாலும் கவலை இல்லை. எத்தனை கட்டை வேண்டுமானாலும் இறக்கலாம். தோழியரே, நீங்களும் ஒரு வட்டம் வரையுங்கள். வரைந்ததை இன்னொருத்திக்குக் கொடுங்கள்!