கோதுமையைக் காக்கும் நற்பாக்டீரியாக்கள்

பாக்டீரியா என்றதும் நோயே நம் நினைவுக்கு வருகிறது. ஆயினும் நோய் விளைவிப்பவை அவ்வினத்துள் ஒரு சிறு பகுதியே. வளமான மண் ஒரு கிராமில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றுட் சில, பயிரின் வேரை அண்டி வாழ்ந்து அதனைப் பூசண நோய்களினின்றும் காக்கின்றன.

கோதுமையின் வேரைத் தாக்கிக் கருக்கும் பூசணம் ஒன்று குளிர்நாடுகளிற் பெருஞ்சேதம் விளைவிப்பதாகும். நோயுற்ற பயிரின் கதிர்கள் பருவத்துக்கு முன்பே வெளுத்து மணியின்றிப் போகும். ஒரே நிலத்தில் ஆண்டுதோறும் கோதுமையையே பயிரிட்டால் இந்நோய் முதலிற் பெருகுகிறது. சில ஆண்டுகள் சென்றபின் தானாகவே தணிகிறது. அந்நிலத்து மண்ணிற் சிறிதளவை வேறு மண்ணுடன் கலந்தால் அங்கும் நோய் குறைகிறது. அதனை முன்னரே சூடேற்றிவிட்டாலோ அவ்வாற்றல் மறைகிறது. ஆகவே நோயை அடக்குவன மண்ணிலுள்ள உயிர்களே என்பது தெளிவு.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஆராய்ச்சி நடத்திய வெல்லர், குக் என்னும் விஞ்ஞானிகள், சூடோமோனாஸ் வகைப் பாக்டீரியாக்களைக் கோதுமை விதையிற் பூசி விதைத்தால் இந்நோயைக் குறைக்க இயலும் என 1983-ஆம் ஆண்டில் அறிவித்தனர். இவை மூன்று வழிகளில் செயற்படுகின்றன. பூசணத்தை ஒடுக்கும் பொருள்களைச் சுரத்தல் ஒன்று. அதற்கு வேண்டிய இரும்புச் சத்தைக் கவர்ந்துகொள்ளுதல் மற்றொன்று. பயிரின் தற்காப்பு ஆற்றலைத் தூண்டுதல் மூன்றாவது.

எனினும், இவை எல்லா நோய்க்கும் மருந்தாகிவிடா. இந்தியக் கோதுமையின் பெரும்பகையான துருநோய், காற்றில் பரவி இலையையும் தண்டையும் தாக்குவது. சமவெளியில் கோடை வெப்பத்தால் அழியும் துருப்பூசணம் மலைப்பகுதிகளில் உயிர்தாங்கி, பின்னர் மீண்டும் பரவுகிறது என்பதை கே. சி. மேத்தா ஆராய்ந்து காட்டினார். நீலகிரியும் பழனிமலையும் அத்தகைய இடங்களாகும். துருநோய்க்கு எதிர்ப்பாற்றல் வாய்ந்த ரகங்களே இன்றும் முதற்காப்பு.

கொச்சி இடப்பள்ளி வட்டாரத்தில் கோதுமை விளைவதில்லை. கேரளத்தின் தானியப் பயிர் நெல்லே. நெல்லின் குலைநோய்க்கும் இலையுறைக் கருகலுக்கும் இதே சூடோமோனாஸ் பயன்படுகிறது. டால்க் பொடியிற் கலந்த இதனை ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் வீதம் பூசுதல் வழக்கம். தெளிப்பதாயின் ஒரு லிட்டர் நீருக்கு 20 கிராம் கலப்பர்.

இப்பொடி உயிருள்ள பொருள் என்பதை விவசாயிகள் மறத்தலாகாது. வெயில் படாத குளிர்ந்த இடத்தில் இதனை வைத்தல் வேண்டும். காலாவதியான பொடியாற் பயனில்லை. பூசணக்கொல்லி ரசாயனங்களுடன் கலந்தால் பாக்டீரியாக்கள் மடியக்கூடும், செலவும் வீணாகும். நோய் முற்றியபின் தெளிப்பதினும் விதைக்கும்போதே பூசுவதே மேல்; வேரில் பகைப் பூசணம் குடிபுகுமுன் நற்பாக்டீரியா இடம்பிடித்துக்கொள்ளும்.